ரீசெட் செய்து தந்த லேப்டாப்: உடம்பு திடம், டிஸ்க்தான் சொத்தை

பழையதாக வாங்கிய இந்த லேப்டாப்பை நான் திருப்பித் தரவில்லை. இதை எழுதுவதும் அதில்தான். ஆனால் விற்றவர்கள் கொடுத்த நிலையில் இது வேலைக்கு ஆகியிருக்காது. டிஸ்க்கை அடியோடு அழித்து, விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகுதான் இது கணினியானது. அதனால் இந்த விமர்சனத்தில் பாதி பொருளைப் பற்றியது, பாதி "ரீசெட் செய்து தருகிறோம்" (பழைய கோப்புகளை நீக்கி, விண்டோஸைப் புது நிலைக்குக் கொண்டுவருவது) என்று அவர்கள் சொல்லும் சேவையைப் பற்றியது.

புத்தகங்களுக்குப் பக்கம் கட்டுவது என் தொழில். எழுத்துரு, ஸ்கேன் செய்த பழைய பக்கங்கள், அச்சுக்குப் போகும் பி.டி.எஃப். என்று எல்லாமே இடத்தை விழுங்கும் சமாச்சாரம். வேகம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, இடம் வேண்டும். அதைப் பார்த்துத்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். விளம்பரத்தில் இருந்தது இது: இன்டெல் ஐ5 எட்டாம் தலைமுறை, 8 ஜி.பி. ராம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. (சில்லுகளில் சேமிக்கும் வேகமான டிஸ்க்), கூடவே 500 ஜி.பி. ஹார்டு டிஸ்க் (தட்டு சுழலும் பழைய வகை), விண்டோஸ் 11 ப்ரோ, "முழுமையாக ரீசெட் செய்யப்பட்டது". அலுவலகங்களுக்கென்று வரும் வகை லேப்டாப் என்பதால் கட்டுமானம் கெட்டியாக இருக்கும் என்று நம்பினேன்.

அது பொய்க்கவில்லை. கீல் ஆடவில்லை, திரையில் புள்ளி இல்லை. விசைப்பலகையில் சில எழுத்துகள் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கின்றன. முன்பு வைத்திருந்தவர் நிறைய தட்டச்சு செய்தவர் போலிருக்கிறது. பேட்டரி சுமார். இந்தப் பகுதிக்கு மேலே எழுத ஒன்றுமில்லை.

திறந்ததும் கண்ணில் பட்டது சி டிரைவின் சிவப்புக் கோடு. மொத்தம் 59 ஜி.பி., காலி 6 ஜி.பி. நான் இன்னும் ஒரு கோப்பைக்கூட ஏற்றவில்லை. 256 எங்கே போயிற்று? கணக்கில் கொஞ்சம் குறைவது வழக்கம்தான். டிஸ்க் செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது. அதனால் 256 என்று வாங்கியது 238 என்று தெரியும், 512 என்றால் 476. அதில் ஏமாற்று இல்லை. ஆனால் 59?

டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று காட்டும் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தபோது விஷயம் புரிந்தது. வரிசையில் முதலில் கணினியைத் துவக்க உதவும் சின்ன ஈ.எஃப்.ஐ. பார்டிஷன் (பார்டிஷன் என்பது டிஸ்க்கில் பிரித்த ஒரு பகுதி), பிறகு 59 ஜி.பி. சி டிரைவ், அதை ஒட்டி விண்டோஸ் பழுதானால் மீட்பதற்கான ஒரு ரிக்கவரி பார்டிஷன், அதற்கப்பால் ஏறக்குறைய 178 ஜி.பி. யாருக்கும் ஒதுக்காமல் கருப்புப் பட்டையாகக் கிடந்தது. 64 ஜி.பி. டிஸ்க் ஒன்றில் ஒருமுறை விண்டோஸைப் போட்டு, அதை அப்படியே நகலெடுத்து, வருகிற எல்லா லேப்டாப்பிலும் ஊற்றுகிறார்கள் என்பது என் கணிப்பு. 64 ஜி.பி. டிஸ்க்கை விண்டோஸ் 59 சொச்சம் என்றுதான் காட்டும், அளவு பொருந்துகிறது. வரிசையாக இட்லி ஊற்றுகிற வேலைதான். ஊற்றியவர் கடைசியில் பார்டிஷனை இழுத்து நீட்ட மறந்துவிட்டார், அல்லது அதற்கு நேரம் ஒதுக்கவில்லை.

சி டிரைவில் வலது கிளிக் செய்து நீட்டலாமே என்றால், அந்தத் தேர்வு மங்கலாகக் கிடக்கும். காலி இடம் சி டிரைவுக்கு வலப்பக்கம் ஒட்டியபடி இருந்தால்தான் விண்டோஸ் நீட்டும். நடுவில் ரிக்கவரி பார்டிஷன் குறுக்கே நின்றால் முடியாது. அந்த ரிக்கவரி பார்டிஷனை முடக்கி, அழித்து, பிறகு நீட்டும் வழி உண்டு. அதை நான் தேர்ந்தெடுக்கவில்லை. காரணம் டி டிரைவ்.

டி டிரைவ் என்பது அந்த 500 ஜி.பி. ஹார்டு டிஸ்க். அது காலியாக இல்லை. யாரோ ஒருவரின் சான்றிதழ் ஸ்கேன்கள், ஒரு கல்யாணத்தின் பெயரில் ஒரு கோப்புறை, "சம்பளம்" என்று இன்னொன்று. கோப்புறைப் பெயர்களோடு நிறுத்திக்கொண்டேன். உள்ளே போகவில்லை. விற்றவர்களுக்குப் போன் செய்தேன்.

"மேடம், ரீசெட் பண்ணித்தான் கொடுத்தோம். நீங்க ஓப்பன் பண்ணினப்போ புதுசா அக்கவுன்ட் கேட்டுச்சுல்ல?"

கேட்டது. அவர் பொய் சொல்லவில்லை. சிக்கலே அங்கேதான் இருக்கிறது. விண்டோஸில் "ரீசெட்" என்கிற வசதி 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது வந்தது. இப்போது அதில் எல்லாவற்றையும் நீக்கு என்று தேர்ந்தெடுத்தாலும், கூடுதல் அமைப்புகளுக்குள் போய் இரண்டு பொத்தான்களைத் தனியாக இயக்க வேண்டும். ஒன்று, எல்லா டிரைவ்களிலும் உள்ள கோப்புகளை நீக்கவா என்பது. மற்றது, தரவைச் சுத்தமாகத் துடைக்கவா என்பது. இரண்டையும் தொடாவிட்டால் விண்டோஸ் இருக்கிற டிரைவ் மட்டும்தான் போகும், அதுவும் மேலோட்டமாக. டி டிரைவ் அப்படியே இருக்கும். பார்டிஷன்களின் அமைப்பையும் ரீசெட் மாற்றாது, 59 ஜி.பி. 59 ஆகவே இருக்கும். கணினியைத் தன் கையிலேயே வைத்துக்கொள்கிறவருக்கு அது நல்ல வசதி, நானும் பயன்படுத்தியிருக்கிறேன். கைமாற்றி விற்கிறவர் அதை மட்டும் நம்பி "முழுமையாக" என்று எழுதக்கூடாது.

இது புதிய கதையும் அல்ல. எம்.ஐ.டி.யைச் சேர்ந்த இரண்டு பேர் பழைய ஹார்டு டிஸ்க்குகள் 158ஐ வாங்கிச் சோதித்து 2003இல் முடிவை வெளியிட்டார்கள். வேலை செய்த 129இல் ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை 12தான். கிரெடிட் கார்டு எண்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் என் மேசைக்கு ஒருவரின் சம்பளக் கோப்புறை வந்து சேர்கிறது.

அழிப்பதற்கு முன் டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்த்துக்கொண்டேன். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். பழைய கணினி வாங்குகிற எவரும் முதலில் ஓட்டவேண்டியது இதைத்தான் என்பேன். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்புகளை இது படித்துக் காட்டுகிறது. எஸ்.எஸ்.டி. 78 சதவீதம் என்று நீலத்தில் வந்தது, எழுதப்பட்ட மொத்தம் 34 டி.பி. (ஒரு டி.பி. என்பது ஆயிரம் ஜி.பி.). 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.களுக்கு 150 டி.பி. போல உத்தரவாதம் தருவது பரவலான வழக்கம் என்பதால் இது பயப்படும்படியான எண் அல்ல. ஹார்டு டிஸ்க்குக்கோ மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை. ஓடிய நேரம் 23,000 மணிக்கு மேல். இரவு பகல் நிறுத்தாமல் ஓடினாலும் அது இரண்டரை வருடத்தைத் தாண்டும்.

அந்தப் பட்டியலில் பார்க்கவேண்டியவை மூன்றே வரிகள். 05 என்பது ஏற்கெனவே கெட்டுப்போய் வேறிடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கில் தரவு எழுதப்படும் சின்னச் சின்னத் துண்டுகள்). சி5 என்பது படிக்கமுடியாமல் சந்தேகத்தில் நிற்பவை. சி6 சரிசெய்யவே முடியாதவை. சி5க்கு நேரே 28 என்று இருந்தது. அது இருபத்தெட்டு இல்லை. இந்த மென்பொருள் அந்த மூல எண்களைப் பதினாறின் அடிமானத்தில் காட்டும், ஆக அது இரண்டு பதினாறும் ஒரு எட்டும், நாற்பது. அமைப்புகளில் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். நாற்பது செக்டர் என்பது அளவில் ஒன்றுமில்லை, சுமார் இருபது கிலோபைட்தான். ஆனால் நாற்பதில் நிற்கும் என்று யார் சொன்னது? என் வேலைக் கோப்பை அதில் வைக்கமாட்டேன்.

பின்மூடியைக் கழற்றியபோது இன்னொன்று தெரிந்தது. ஹார்டு டிஸ்க்கின் லேபிளில் தயாரிப்பு ஆண்டு 2014 என்று இருந்தது. இன்டெல் எட்டாம் தலைமுறை லேப்டாப் சில்லுகளே 2017இல்தான் வந்தன. லேப்டாப் பிறப்பதற்கு முன்பே பிறந்த டிஸ்க்! வேறு எதிலிருந்தோ கழற்றிய பழைய டிஸ்க்கைக் காலியாக இருந்த இடத்தில் சொருகி, விளம்பரத்தில் "கூடவே 500 ஜி.பி." என்று ஒரு வரியைச் சேர்த்திருக்கிறார்கள். அப்படியானால் டி டிரைவில் இருந்தவை இந்த லேப்டாப்பின் பழைய சொந்தக்காரருடையவைகூட அல்ல, வேறு யாரோ ஒருவருடையவை.

இனி அழிக்கிற கதை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எஸ்.எஸ்.டி.க்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் வழி வேறு. இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுப்பவர்கள்தான் அதிகம்.

எஸ்.எஸ்.டி.யில் ஒரு கோப்பின் மேல் வேறொன்றை எழுதினால் அது பழைய இடத்தில் போய் விழாது. தரவு தங்கும் எல்லாச் செல்களும் சமமாகத் தேயவேண்டும் என்பதற்காக உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் என்ற நிர்வாகச் சில்லு புதிய எழுத்தை வேறு இடத்தில் வைக்கும். கணினியின் கண்ணுக்கே தெரியாத உபரி இடமும் அதில் உண்டு. 2011இல் சான் டியாகோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஹார்டு டிஸ்க்குக்கென்று உருவான, தனிக் கோப்பைத் துடைக்கும் முறைகள் எதுவும் எஸ்.எஸ்.டி.யில் பலிக்கவில்லை. ஆகவே டிஸ்க்கிடமே "உன்னை நீயே அழித்துக்கொள்" என்று கட்டளையிடுவதுதான் முறை. அந்தக் கட்டளையைக்கூடச் சில டிஸ்க்குகள் அன்று சரியாக நிறைவேற்றவில்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. அதனால் அழித்த பிறகு பார்ப்பது நல்லது.

அலுவலக வகை லேப்டாப் வாங்கியதன் பலன் இங்கே கிடைத்தது. இந்த வகையில் பலவற்றின் பயாஸிலேயே (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளிலேயே) டிஸ்க்கை அழிக்கும் தேர்வு இருக்கும். இதிலும் இருந்தது. பயாஸுக்குக் கடவுச்சொல் போடாமல் விட்டிருந்ததும் நல்லதாயிற்று. பழைய அலுவலகத்தின் கடவுச்சொல் இருந்தால் உள்ளேயே போகமுடியாது. அந்த மாதிரி லேப்டாப்பை என்ன விலைக்குத் தந்தாலும் தொடாதீர்கள். தேர்வை அழுத்தி, இரண்டு முறை உறுதி கேட்டதற்கு ஆம் சொன்னேன். நிமிர்ந்து உட்காருவதற்குள் முடிந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரமா என்று சந்தேகப்பட வேண்டாம். எஸ்.எஸ்.டி. தன் செல்களை மொத்தம் மொத்தமாகக் காலி செய்யும், அல்லது உள்ளே தானாகவே மறையாக்கம் செய்யும் வகையாக இருந்தால் சாவியை மட்டும் தூக்கி எறியும். சாவி போனால் உள்ளே இருப்பது வெறும் இரைச்சல்.

ஹார்டு டிஸ்க்குக்கு அந்தச் சொகுசு இல்லை. முதல் செக்டரிலிருந்து கடைசிவரை பூஜ்யம் எழுத வேண்டும். விண்டோஸ் நிறுவும் பென் டிரைவிலிருந்தே இதைச் செய்யலாம். மைக்ரோசாஃப்ட் தரும் இலவசக் கருவி அந்தப் பென் டிரைவைச் செய்து கொடுக்கும், 8 ஜி.பி. இருந்தால் போதும். அதிலிருந்து துவக்கி, முதல் திரையில் ஷிஃப்டும் எஃப்10உம் சேர்த்து அழுத்தினால் கருப்புத் திரை வரும். அங்கே டிஸ்க்பார்ட் என்ற கட்டளை. அது வந்ததும் முதலில் லிஸ்ட் டிஸ்க் என்று கேட்டு, அளவை வைத்து எது எது என்று பாருங்கள். பென் டிரைவும் அந்தப் பட்டியலில் நிற்கும். எண்ணைத் தேர்ந்தெடுத்த பிறகு "கிளீன்" என்றால் பார்டிஷன் விவரம் மட்டும் போகும், ஒரு நொடி வேலை. தரவு அப்படியே இருக்கும், மீட்பு மென்பொருள் ஒன்று போதும் அத்தனையையும் வெளியே எடுக்க. "கிளீன் ஆல்" என்றால்தான் ஒவ்வொரு செக்டரிலும் பூஜ்யம் எழுதும். இந்த ஒரு சொல் வித்தியாசத்தில்தான் பல பேருடைய சான்றிதழ்கள் ஊர் சுற்றுகின்றன.

ஒரு முறை எழுதினால் போதுமா, முப்பத்தைந்து முறை எழுதவேண்டும் என்கிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த முப்பத்தைந்து 1996இல் பீட்டர் குட்மன் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அன்றைய பலவகைப் பழைய டிஸ்க்குகள் அனைத்துக்குமாகச் சேர்த்துப் போட்ட பட்டியல் அது. இன்றைய டிஸ்க்குக்கு அத்தனையும் தேவையில்லை என்று பின்னால் அவரே எழுதிவிட்டார். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2014இல் வெளியிட்ட வழிகாட்டியும் ஒரு முறை மேலெழுதினாலே பொதுவாகப் போதும் என்கிறது. 500 ஜி.பி.க்கு ஒரு முறையே மணிக்கணக்கில் இழுத்தது. முப்பத்தைந்து முறை என்றால் அந்தக் கிழட்டு டிஸ்க் நடுவிலேயே உயிரை விட்டிருக்கும்.

முடிந்த பிறகு மறுபடி குறிப்புகளைப் பார்த்தேன். சி5 பூஜ்யமாகியிருந்தது, 05 ஏறியிருந்தது. சந்தேகத்தில் இருந்த செக்டரில் புதிதாக எழுத முயலும்போதுதான் டிஸ்க் ஒரு முடிவுக்கு வருகிறது. எழுத முடிந்தால் வைத்துக்கொள்ளும், முடியாவிட்டால் அதை ஒதுக்கிவிட்டு உபரியிலிருந்து ஒன்றை அந்த இடத்துக்குக் கொண்டுவரும். இந்த நிலையில் படம் பிடித்தால் சி5 பூஜ்யம், அழகாகத்தான் தெரியும். விற்பவர் அனுப்பும் படத்தில் சி5ஐ மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், 05ஐயும் பாருங்கள். ஒதுக்கப்பட்ட செக்டருக்குள் எஞ்சியிருக்கும் துணுக்குகளைச் சாதாரண மேலெழுதல் எட்டாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

விண்டோஸ் நிறுவுவது இப்போதெல்லாம் ஒரு வேலையே இல்லை. நிறுவும் திரையில் 238.5 ஜி.பி. ஒதுக்கப்படாத இடம் என்று ஒரே வரியாக வந்து நின்றது. எஸ்.எஸ்.டி. சுத்தம் என்பதற்கு அதைவிட வேறு சான்று அப்போதைக்கு எனக்கு வேண்டியிருக்கவில்லை. அதையே தேர்ந்தெடுத்து அடுத்து என்றால் பார்டிஷன்களை அதுவே பிரித்துக்கொள்ளும். இதைவிடப் புதிய லேப்டாப் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பதினோராம் தலைமுறை முதல் வந்த இன்டெல் கணினிகள் சிலவற்றில் இந்தத் திரையில் டிஸ்க்கே தெரியாது. டிஸ்க் போய்விட்டது என்று பதற வேண்டாம். டிஸ்க்கை நிர்வகிக்கும் வி.எம்.டி. என்ற இன்டெல் ஏற்பாட்டுக்கான டிரைவரை (துணை மென்பொருளை) அந்தத் திரையிலேயே ஏற்றினால் தெரிந்துவிடும்.

இன்னொரு பூனைக்குட்டியும் இந்த இடத்தில் வெளியே வந்தது. விற்றவர்கள் சொன்னது விண்டோஸ் ப்ரோ. ஆனால் நிறுவும்போது எந்தப் பதிப்பு என்று கேட்காமலேயே ஹோம் என்று எடுத்துக்கொண்டது. தயாரிக்கும்போதே லேப்டாப்பின் உள்ளே பதித்து அனுப்பும் உரிம எண்ணைப் படித்துத்தான் அது முடிவு செய்கிறது. இந்த லேப்டாப்புக்கு உரிமையானது ஹோம். அவர்கள் ஊற்றியிருந்த ப்ரோ எந்த உரிமத்தில் ஓடியது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். எனக்கு ஹோமே தாராளம், இணையத்தில் இணைத்ததும் தானாகவே செயலுக்கு வந்துவிட்டது. பழைய நிறுவனத்தின் பெயரோடு உள்நுழைவுத் திரை ஏதாவது வருமா என்று கொஞ்சம் பயந்தேன். நிறுவனங்கள் தங்கள் கணினிகளை இணையவழி பதிந்து வைத்திருந்தால், எத்தனை முறை அழித்தாலும் அந்தத் திரை திரும்பத் திரும்ப வரும். வரவில்லை.

இப்போது சி டிரைவில் காலி இடம் 200 ஜி.பி.க்கு மேல். அப்டேட்கள் மளமளவென்று ஏறின. முன்பு அவற்றுக்கு மூச்சுவிட இடமில்லாமல் பாதியில் நின்றுகொண்டிருந்தன. பக்கம் கட்டும் மென்பொருள் திறக்கும் வேகத்தில் எனக்குப் புகார் இல்லை.

விற்றவர்கள் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். ஹார்டு டிஸ்க்கின் படத்தையும் லேபிளையும் அனுப்பியதும் வாதாடவில்லை. அதற்கான தொகையைக் கழித்துக்கொள்கிறோம், டிஸ்க்கைத் திருப்பி அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினால் இன்னொரு லேப்டாப்பில் "கூடவே 500 ஜி.பி." ஆகும் என்று தெரிந்துவிட்டது. அனுப்பமாட்டேன் என்றேன். அப்படியானால் பாதிதான் கழிப்போம் என்றார்கள். பாதி போதும் என்றேன், சொன்னபடி அனுப்பிவிட்டார்கள். தொலைபேசியில் பேசிய தம்பியிடம் ரீசெட்டில் அந்த இரண்டு பொத்தான்கள் எங்கே இருக்கின்றன என்றும் சொன்னேன். "சரிங்க மேடம்" என்றார். குறித்துக்கொண்டாரா தெரியாது.

டிஸ்க்கைப் பழைய துணியில் நன்றாகச் சுற்றி, சுத்தியலால் உடைத்தேன். துணி முக்கியம். லேப்டாப்பில் வரும் 2.5 அங்குல டிஸ்க்குகளின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, சில்லு தெறிக்கும். எஸ்.எஸ்.டி.யைப் பெரும்பாலும் இப்படிச் செய்ய வேண்டியதில்லை, பயாஸ் கட்டளையால் அழித்துவிட்டுச் சரிபார்த்தால் போதும்.

இதே மாதிரி லேப்டாப்பை வாங்கலாமா என்றால், வாங்கலாம். கட்டுமானத்துக்கு ஐந்தில் நான்கு, ரீசெட் சேவைக்கு ஐந்தில் ஒன்று. அந்த ஒன்றும் தொகையைத் திருப்பித் தந்ததற்காக. பணம் தருவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: டிஸ்க்கின் உடல்நிலைப் படம் தருவீர்களா, பயாஸில் கடவுச்சொல் இருக்கிறதா, இரண்டாவது டிஸ்க் இல்லாமல் தந்தால் எவ்வளவு குறைப்பீர்கள்? கருப்புத் திரையில் கட்டளை அடிப்பதற்குக் கை நடுங்குபவராக இருந்தால், அருகில் அதைச் செய்யத் தெரிந்த ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

ஹார்டு டிஸ்க் இருந்த இடத்தில் இப்போது புதிதாக வாங்கிய 2.5 அங்குல எஸ்.எஸ்.டி. இருக்கிறது. அதையும் உடனே நம்பவில்லை. கொள்ளளவை ஏற்றிக் காட்டும் போலிகள் சந்தையில் இருப்பதால், எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன மென்பொருளால் முழுவதும் எழுதிப் படித்துப் பார்த்தேன். விளிம்புவரை சரியாக இருந்தது. ஸ்கேன்களை அதில் ஏற்றத் தொடங்கிவிட்டேன்.